பாலைவனப் போரை வென்ற மான்ட்கோமரி

மாணவச் செல்வங்களே! உங்கள் நிலநூற் படத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். நைல் ஆறு கடலோடு கலக்கும் பகுதிக்கு மேற்கே அலெக்சாந்திரியா என்னும் துறைமுக நகரம் இருக்கும். அங்கிருந்து மேலும் மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் எல் அலமேன் என்னும் இடம் வரும். 1942ஆம் ஆண்டில் அதனை ஊர் என்று சொல்வதற்கும் இல்லை. இருப்புப்பாதை ஓரத்தில் ஒரு சிறு நிலையம். சுற்றிலும் மணலும் கல்லும். ஒதுங்கி நிற்க ஒரு மர நிழல்கூட இல்லை. அத்தகைய இடத்துக்காக இரண்டு பெரும் படைகள் 12 நாட்கள் மோதின. அம்மோதலில் வென்ற படையை நடத்தியவர் பெர்னார்ட் மான்ட்கோமரி. அவருடைய வாழ்க்கையையும், யாருமற்ற மணல்வெளியில் கிடைத்த ஒரு வெற்றி ஏன் அத்துணைப் பெரிதாக எண்ணப்படுகிறது என்பதையும் இங்கே காண்போம்.

மான்ட்கோமரி 1887ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் அவர் நான்காமவர். தந்தையார் ஒரு பாதிரியார். 1889இல் அவர் டாஸ்மேனியாத் தீவுக்குப் பேராயராக நியமனம் பெற்றதால் குடும்பம் முழுவதும் ஆஸ்திரேலியாவின் தென்கோடிக்குக் குடிபெயர்ந்தது. தாயார் மிகவும் கண்டிப்பானவர். சிறுவன் பெர்னார்டோ எதற்கும் பணியாதவன். பிரம்படி வாங்காத நாள் அரிது. அன்பாக ஒரு சொல் கேட்டு வளரும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை என்றே சொல்லலாம். அக்குறை அவர் குணத்தில் கடைசிவரை தெரிந்தது. பிறரோடு இணங்கிப் போவது அவருக்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை.

1901இல் குடும்பம் இலண்டன் திரும்பியது. பள்ளியில் விளையாட்டில் முன் நின்றார். படிப்பில் பின் தங்கினார். 1907இல் சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் முரட்டு விளையாட்டின்போது உடன் பயின்ற மாணவனின் சட்டைக்குத் தீ வைத்துவிட்டார். அம்மாணவன் கடுங்காயமுற்றான். பெர்னார்டு கல்லூரியை விட்டே துரத்தப்படும் நிலைக்கு வந்து மயிரிழையில் தப்பினார். 1908இல் அதிகாரியாகி, அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையிலிருந்த பெஷாவருக்கு அனுப்பப்பட்டார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் பிரான்சின் வடபகுதியிலுள்ள மெத்தேரேன் என்னும் ஊருக்கருகே அவர் நுரையீரலில் குண்டு பாய்ந்தது. கட்டுப் போட ஓடி வந்த சிப்பாய் சுடப்பட்டு அவர் மீதே விழுந்து மாண்டார். மழையில் பல மணி நேரம், இறந்தவரின் உடலுக்கடியில் அசையாமல் கிடந்தார் மான்ட்கோமரி. இருட்டிய பிறகே அவரைத் தூக்கி வர முடிந்தது. பிழைக்கமாட்டார் என்று முடிவு செய்து அவருக்குக் குழியும் வெட்டிவிட்டார்கள்! ஆயினும் பிழைத்தார்.

நலம் பெற்றபின் தலைமையகங்களில் திட்டமிடும் பணி அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் கண்டது அவரை மாற்றியது. பாதுகாப்பான தொலைவில் அமர்ந்திருந்த சேனாபதிகள், போர்முனையை ஒருமுறையேனும் சென்று பாராமல், ஆயிரமாயிரம் இளைஞர்களை எந்திரத் துப்பாக்கிகளின் முன்னே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாக்குதலுக்கு முன் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யவேண்டும், இன்ன வேலை எதற்காக என்று கடைசிச் சிப்பாய்க்கும் தெரிந்திருக்கவேண்டும், வெட்டியாக ஓர் உயிரும் போகக்கூடாது என்னும் எண்ணங்கள் அவர் உள்ளத்தில் அப்போது வேரூன்றின. பிற்காலத்தில் அவரை மிகையாகத் தயங்குபவர் என்று குறை கூறியவர்கள், அந்தத் தயக்கம் எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

1927இல், தம் 39ஆம் வயதில், எலிசபெத் என்னும் மாதரசியை மணந்தார். அவர் முதற் கணவரைக் கலிப்போலிப் போரில் இழந்தவர். இரண்டு ஆண்மக்களுக்குத் தாய். அடுத்த ஆண்டு மகன் டேவிட் பிறந்தான். பத்தாண்டுகள் மான்ட்கோமரியின் வாழ்வில் இன்பம் நிலவியது. 1937இல் கடற்கரை ஊரொன்றுக்கு மகனோடு சென்றிருந்தபோது எலிசபெத்தை ஏதோ ஒரு பூச்சி கடித்தது. நஞ்சு இரத்தத்தில் ஏறி, காலை வெட்டி எடுத்தும் பயனின்றி, அக்டோபர் 19ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பென்சிலின் மருந்து மக்களுக்குக் கிடைக்காத காலம் அது. அதன்பிறகு மான்ட்கோமரி மறுமணத்தை நாடவில்லை. மதுவையும் புகையையும் தொடாதவர். இரவு ஒன்பதரைக்கெல்லாம் உறங்கச் சென்றுவிடுபவர். இனிப் படையே அவருக்கு வீடாயிற்று.

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். நம் முன்னோர்கள் ஜப்பான்காரன் காலம் என்று சொல்லும் ஆண்டுகளின் தொடக்கம் அது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜூன் 21ஆம் நாள் வட ஆப்பிரிக்காவில் தோப்ருக் என்னும் துறைமுகம் ஜெர்மானியத் தளபதி ரோம்மலிடம் வீழ்ந்தது. பாலைவன நரி என்று எதிரிகளாலேயே புகழப்பட்டவர் ரோம்மல். அவர் படை எகிப்துக்குள் புகுந்து எல் அலமேன் வரை வந்துவிட்டது. ஜூலைத் தொடக்கத்தில் கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களில் இரகசியத் தாள்களைக் குவியல் குவியலாக எரித்தார்கள். எரிந்த காகிதத் துண்டுகள் நகரமெங்கும் பறந்தனவாம்.

ரோம்மல் இன்னும் நூறு கிலோமீட்டர் முன்னேறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அலெக்சாந்திரியாக் கடற்படைத் தளம் போயிருக்கும். பின்னர் சூயஸ் கால்வாய். அதற்கப்பால் ஈராக்கின் எண்ணெய்க் கிணறுகளும், ஈரான் நாட்டு அபாதானில் இருந்த பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும். ஜெர்மனியிடம் வீரர்கள் இருந்தார்கள், டாங்கிகள் இருந்தன, எண்ணெய்தான் போதவில்லை. அதே வேளையில் ஹிட்லரின் மற்றொரு படை இரஷ்யாவின் காக்கசஸ் மலைப் பக்கம் எண்ணெயைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே எல் அலமேன், ஒரு பெரிய களஞ்சியத்தின் வாயிற்கதவைப் போல் இருந்தது.

அந்தக் கதவுக்கு இயற்கையே நிலைகளை அமைத்திருந்தது. பாலைவனப் போரில் வழக்கமாக ஒரு படை மற்றொன்றைத் தெற்கே சுற்றிக்கொண்டு போய்ப் பின்புறம் தாக்கும். ரோம்மல் அதில் வல்லவர். எல் அலமேனிலோ அது இயலாது. வடக்கே மத்தியதரைக் கடல். தெற்கே கத்தாராப் பள்ளம் என்னும் பெருந்தாழ்நிலம். உப்புச் சேறும் புதைமணலும் நிறைந்தது. டாங்கிகள் இறங்கினால் மீளா. இடையே இருந்த வழி 60 கிலோமீட்டர் அகலமே. இந்த இடத்தின் அருமையை முதலில் உணர்ந்து, ஜூலை மாதம் முழுவதும் போராடி ரோம்மலைத் தடுத்து நிறுத்தியவர் தளபதி ஆக்கின்லெக் ஆவார். அப்பெருமையைப் பின்னாளில் மான்ட்கோமரி மனமுவந்து அவருக்கு அளிக்கவில்லை. 1958இல் எழுதிய தன்வரலாற்றில் ஆக்கின்லெக் பின்வாங்கத் திட்டமிட்டிருந்தார் என்று எழுதி மனக்கசப்புக்கு ஆளானார். பெருவீரரிடம் காணப்பட்ட சிறுமை என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

பிரதமர் சர்ச்சில், ஆக்கின்லெக்கை மாற்ற முடிவு செய்தார். எட்டாம் படைக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மான்ட்கோமரி அல்லர், காட் என்பவர். ஆகஸ்டு 7ஆம் நாள் காட் ஏறி வந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் மாண்டார். அதன்பின்னரே மான்ட்கோமரிக்கு ஆணை சென்றது. ஆகஸ்டு 13ஆம் நாள் பாலைவனத்துக்கு வந்தவர், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே பொறுப்பை எடுத்துக்கொண்டார். இனிப் பின்வாங்குதல் என்ற பேச்சே இல்லை என்று அறிவித்தார். தம் தலைமையகத்தை விமானப் படையின் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே அமைத்தார். ஆகஸ்டு இறுதியில் ரோம்மல் மீண்டும் தாக்கியபோது அலாம் ஹல்பா மேட்டில் அசையாது நின்று அவரைத் திருப்பி அனுப்பினார்.

உடனே எதிர்த்தாக்குதல் தொடங்குமாறு சர்ச்சில் அவசரப்படுத்தினார். மான்ட்கோமரி மறுத்துவிட்டார். அக்டோபருக்கு முன் இயலாது என்பதே அவர் மறுமொழி. ஒரு காரணம் நிலவு. எதிரியின் முன்னே 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. இரவில் அவற்றை அகற்ற வெளிச்சம் வேண்டும். விளக்கு ஏற்றினால் எதிரி சுடுவான். அக்டோபர் 24ஆம் நாள் முழுநிலவு. மற்றொரு காரணம் பயிற்சி. அமெரிக்காவிலிருந்து சுமார் 300 புதிய ஷெர்மன் டாங்கிகள் வந்திருந்தன. அவற்றை ஓட்டிப் பழகவேண்டாமா?

பெற்றோர்களே, போர் என்றால் வாளும் துப்பாக்கியும்தான் நம் நினைவுக்கு வரும். எல் அலமேனில் அவற்றுக்கு நிகராக வென்றது சரக்குக் கணக்கு. நேச நாடுகளின் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நெடுந்தொலைவு வரவேண்டியிருந்தாலும், வந்து இறங்கிய சூயஸ் துறைமுகத்திலிருந்து போர்முனை அருகில் இருந்தது, இருப்புப்பாதையும் இருந்தது. ரோம்மலுக்கோ தலைமைத் துறைமுகமான திரிப்போலி 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். எண்ணெய் கொண்டுவரும் லாரிகள் வரும் வழியிலேயே அதிற் பெரும்பங்கைக் குடித்துவிடும். மாதச் சம்பளத்தில் பாதி பேருந்துக் கட்டணத்துக்கே போய்விட்டால் குடும்பம் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தாலியிலிருந்து புறப்பட்ட எண்ணெய்க் கப்பல்களின் நேரமும் வழியும், எதிரியின் குறிமொழியை உடைத்த பிரிட்டிஷ் அறிஞர்கள் வழியாக முன்னரே தெரிந்துவிடும். போர் நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 26ஆம் நாள், புரோசர்பினா என்னும் எண்ணெய்க் கப்பல் தோப்ருக் அருகே விமானங்களால் அழிக்கப்பட்டது.

மாணவர்கள் மிகவும் விரும்பும் செய்தி ஒன்று உண்டு. தாக்குதல் வடக்கே நடக்கப்போகிறது. எதிரியோ அது தெற்கே என்று நம்பவேண்டும். அதற்காக ஒரு பெரிய நாடகம் நடத்தப்பட்டது. வடக்கே உண்மையான டாங்கிகளின் மேல் சட்டமும் துணியும் போர்த்தி லாரிகளைப் போல் ஆக்கினார்கள். தெற்கே மரத்தாலும் துணியாலும் பொய்த் தளவாடங்களைச் செய்து நிறுத்தினார்கள். தெற்கு நோக்கி ஒரு தண்ணீர்க் குழாய் போடுவதாகக் காட்டி வாய்க்கால் வெட்டினார்கள். நசுக்கிய பெட்ரோல் தகரங்களை வரிசையாக அடுக்கினால் வானத்திலிருந்து பார்ப்பவனுக்குக் குழாயாகத் தெரியும். இரவில் வாய்க்காலை மூடிவிட்டு அதே தகரங்களை எடுத்து அடுத்த பகுதியில் அடுக்குவார்கள். அந்த வேலை நடந்த வேகத்தைப் பார்த்தால், குழாய் நவம்பருக்கு முன் முடியாது. ஆகவே தாக்குதலும் அதற்கு முன் வராது என்று எதிரி கணக்கிடவேண்டும் என்பது எண்ணம். ரோம்மல் நோயுற்று ஜெர்மனிக்கே சென்றிருந்தார்.

அக்டோபர் 23ஆம் நாள் இரவு 9 மணி 40 நிமிடம். ஏறத்தாழ 900 பீரங்கிகள் முழங்கின. பின்னர் நிலவொளியில் பொறியியற் படையினர் நடந்து சென்றார்கள். சிலர் கையில் கோசாக்கி என்னும் போலந்து நாட்டு அதிகாரி கண்டுபிடித்த உலோகங் காணும் கருவி இருந்தது. அக்கருவி கிடைக்காதவர்கள் துப்பாக்கிச் சனியனை மண்ணில் மெல்லக் குத்திக் குத்திக் கண்ணிவெடியைத் தேடினார்கள். துப்புரவான வழிக்கு இருபுறமும் வெள்ளை நாடாவை விரித்தார்கள். அந்த நாடாக்களுக்கிடையே டாங்கிகள் ஊர்ந்தன. மான்ட்கோமரியோ, தாம் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாகக் கூறி, வழக்கம்போல் சீக்கிரமே உறங்கச் சென்றார்!

ஏறத்தாழ 1,95,000 பேர் அவர் பக்கம் நின்றனர். பிரிட்டிஷ் வீரர்களோடு ஆஸ்திரேலியர், நியூசிலாந்தார், தென்னாப்பிரிக்கர், கிரேக்கர், பிரெஞ்சுக்காரர் யாவரும் இருந்தனர். 4ஆம் இந்திய டிவிஷன் ருவைசாத் மேட்டைக் காத்து நின்றது. மதராஸ் சப்பர்ஸ் என்னும் பொறியியற் படையின் பிரிவுகள் அந்த டிவிஷனோடு பாலைவனத்தில் பணியாற்றின. அப்படையில் தமிழர்களும் உண்டு. எதிர்ப்பக்கம் ஜெர்மானியரும் இத்தாலியருமாக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

திட்டமிட்டபடி எல்லாம் நடக்கவில்லை. வெட்டிய வழிகளில் டாங்கிகள் நெருக்கியடித்து நின்றுபோயின. முதல் இரண்டு நாட்களில் எதிர்பார்த்த தொலைவை எட்ட முடியவில்லை. ஜெர்மானியத் தளபதி ஸ்டும்மே முதல் நாளே மாரடைப்பால் இறந்தார். ரோம்மல் நோயோடு 25ஆம் நாள் திரும்பி வந்தார். மான்ட்கோமரி தம் திட்டத்தை மாற்றினார். கடலோரமாக ஆஸ்திரேலியர்கள் கடுமையாகத் தாக்கி ரோம்மலின் சிறந்த படைகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். நவம்பர் 2ஆம் நாள் அதற்குச் சற்றுத் தெற்கே இறுதி அடி விழுந்தது. முன்னே சென்ற ஒரு டாங்கிப் படைப்பிரிவு தன் டாங்கிகளுள் பெரும்பாலானவற்றை இழந்தது. ஆனால் ரோம்மலிடம் எஞ்சியவையோ மிகச் சிலவே. பின்வாங்க அவர் கேட்ட அனுமதியை ஹிட்லர் மறுத்தார். ஒரு நாள் வீணாயிற்று. நவம்பர் 4ஆம் நாள் ஜெர்மானியப் படை மேற்கு நோக்கி ஓடியது. தெற்கே இருந்த இத்தாலிய வீரர்களுக்கு வண்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவர்கள் பாலைவனத்தில் கைவிடப்பட்டார்கள். ஏறத்தாழ 30,000 பேர் சிறைப்பட்டனர். வென்ற பக்கத்தில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறத்தாழ 13,500 பேர்.

நவம்பர் 8ஆம் நாள் அமெரிக்கப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் ஆப்பிரிக்காவின் மறுகோடியில் மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இறங்கின. ரோம்மல் இரு நெருப்புக்கிடையே அகப்பட்டார். எப்படியும் அவர் பின்வாங்கியிருப்பாரே, எல் அலமேன் தேவைதானா என்று கேட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்கள் கூற்றை நான் ஏற்கவில்லை. எகிப்தில் ரோம்மல் தோற்காமல் நின்றிருந்தால், புதிதாக இறங்கியவர்களை எதிர்க்க அவருடைய படை முழுமையாக இருந்திருக்கும். மேலும், பட்டினியால் வாடிய மால்டாத் தீவு இருக்கிறது. ரோம்மலின் கப்பல்களை வேட்டையாட நேச நாடுகளுக்கு அத்தீவுதான் தளம். லிபியாக் கரையோர விமான நிலையங்கள் மான்ட்கோமரியின் கைக்கு வந்த பிறகே, நவம்பர் 20ஆம் நாள், அங்கே உணவுக் கப்பல்கள் பாதுகாப்பாகச் சென்று சேர்ந்தன. 1943 மே 13ஆம் நாள் துனீசியாவில் எதிரிப் படைகள் முற்றாகச் சரணடைந்தன. பிடிபட்டோர் 2 இலட்சத்துக்கும் அதிகம். அங்கிருந்தே இத்தாலிக்கு வழி திறந்தது. இங்கிலாந்தில், எதிரி நாட்டில் இறங்கினால் மட்டுமே ஒலிக்கவேண்டும் என்று 1940 முதல் அடங்கியிருந்த கோயில் மணிகள், 1942 நவம்பர் 15ஆம் நாள் இந்த வெற்றிக்காக ஒலித்தன.

அதன்பின் மான்ட்கோமரியின் புகழ் ஏறிக்கொண்டே போயிற்று. 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய தரைப்படைகளை அவரே நடத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஆலந்து நாட்டின் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க அவர் வகுத்த திட்டம் தோல்வியுற்றது. பொறுமையைக் கைவிட்டு அவர் விரைந்த ஒரே முயற்சி அது எனலாம். 1945 மே 4ஆம் நாள் வடமேற்கு ஜெர்மனியிலிருந்த படைகள் அவரிடம் சரணடைந்தன. 1946இல் அலமேன் என்னும் பெயரோடு கூடிய பிரபுப் பட்டம் பெற்றார்.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. மலாயாவில் அவசரகாலம் நிலவியபோது, 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் மான்ட்கோமரி பிரிட்டிஷ் அமைச்சர் லிட்டில்டனுக்குக் கடிதம் எழுதினார். மலாயாவுக்கு ஒரு திட்டம் வேண்டும், அதனை நிறைவேற்ற ஓர் ஆள் வேண்டும் என்பதே அதன் சாரம். 1952இல் டெம்ப்ளர் இங்கே வந்து சேர்ந்தார். தோட்டப்புறத்து முதியோர் அப்பெயரை மறந்திருக்கமாட்டார்கள்.

1967ஆம் ஆண்டு, தம் 79ஆம் வயதில், மான்ட்கோமரி மீண்டும் எல் அலமேன் சென்றார். போர் நடந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்குள்ள போர்க் கல்லறைக்கும் சென்றார். அங்கே 7,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றுள் 800க்கு மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் தனியே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. தம் சமய முறைப்படி எகிப்திலும் லிபியாவிலும் தகனம் செய்யப்பட்ட 600க்கும் மேற்பட்ட வீரர்களின் நினைவுக்கு உரியது அது. வெளியே பாலைவனத்தில் அன்று புதைத்த கண்ணிவெடிகள் பல, அகற்றப்படாமலே கிடந்தன. ஆடு மேய்க்கச் சென்ற பெதூயின் மக்கள் எத்தனையோ பேர், அந்தப் போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், அவற்றால் காலையும் உயிரையும் இழந்தனர்.

அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்த அவர் வீட்டில் திருடர்கள் புகுந்து, அவருடைய பீல்டு மார்ஷல் பதவிக் கோலைத் திருடிச் சென்றார்கள். அது திரும்பக் கிடைக்கவில்லை. 1976ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், 88ஆம் வயதில், மான்ட்கோமரி அவ்வீட்டிலேயே காலமானார். பக்கத்திலுள்ள பின்ஸ்டெட் என்னும் சிற்றூரின் தேவாலயத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.